எப்போனினுக்குக் கண்ணீர், கோசெட்டுக்கு ஏச்சு: இந்தத் தீர்ப்பு எங்கே உருவாகிறது?

திரைச்சீலை:

விக்தோர் யூகோவின் நாவலிலிருந்து வந்த 'லே மிசராப்' இசைநாடகத்தைப் பற்றி எந்த ரசிகர் குழுவில் பேச்செடுத்தாலும் பத்து வரிக்குள் தீர்ப்பு வந்துவிடும். மாரியுஸ் என்ற இளைஞனை ஒருதலையாகக் காதலிக்கும் எப்போனின் தங்கம், அவன் காதலித்து மணக்கும் கோசெட் தண்டம். தனக்காக ஒருத்தி உயிரையே விடுகிறாள், மாரியுஸ் அந்தப் பொம்மையைப் போய்க் கட்டிக்கொண்டானே என்று ஏசுவார்கள். இதில் எனக்கு நீண்ட நாள் மனத்தாங்கல் உண்டு. இரண்டு பெண்களின் குணத்தையும் எடைபோட்டு வந்த தீர்ப்பல்ல இது. யாருக்கு எந்த இடத்தில், எந்தக் குரலில், எவ்வளவு நேரம் பாட்டுக் கிடைத்தது என்பதிலிருந்து வந்த தீர்ப்பு.

1980இல் பிரெஞ்சில் இசைத்தட்டாக வந்தபோது, இன்று 'ஆன் மை ஓன்' என்று நாம் கேட்கிற மெட்டு எப்போனினுடையதே இல்லை. கோசெட்டின் தாய் ஃபான்டீன் தன் வறுமையைச் சொல்லிப் பாடிய மெட்டு அது. 1985 அக்டோபர் 8 அன்று லண்டன் பார்பிகன் அரங்கில் ஆங்கில வடிவம் மேடையேறியபோது அதை எப்போனினுக்குக் கொடுத்தார்கள். சாகப்போகும் தாய்க்குப் போட்ட மெட்டின் கனம் முழுக்க ஒருதலைக் காதலிக்கு வந்து சேர்ந்தது. கோசெட்டுக்கோ இருந்ததும் போனது. வளர்ந்த கோசெட் தனியாகப் பாட 'ஐ சா ஹிம் ஒன்ஸ்' என்று ஒரு சின்னப் பாட்டு இருந்தது. முதல் லண்டன் குழுவின் ஒலிப்பதிவில் ரெபெக்கா கெயின் குரலில் அதை இன்றும் கேட்கலாம். மேடையில் அது வெட்டப்பட்டுவிட்டது.

மிச்சம் 'இன் மை லைஃப்'. அது முடிந்து கைதட்ட இடமே கிடையாது. இசை நிற்காமல் அடுத்த காட்சிக்குள் ஓடிவிடும். 'ஆன் மை ஓன்' முடியும்போது முழு நிறுத்தம் உண்டு, விளக்கு மாறும், அரங்கம் தன் கையைத் தட்டித் தீர்த்துக்கொள்ளும். பார்வையாளர் ஒருவரைத் தன்னுடையவராக வரித்துக்கொள்வது அந்தக் கைதட்டலில்தான். கோசெட்டுக்கு அந்த வாய்ப்பையே கொடுக்கவில்லை.

இன்னொன்று. கோசெட்டும் மாரியுஸும் பாடும் ஒரே காதல் பாட்டு இருவர் பாட்டு அல்ல, மூவர் பாட்டு. தோட்டக் கதவுக்கு வெளியே எப்போனின் நின்றுகொண்டு, அவர்கள் வரிகளுக்கு நடுவே தன் வரியைச் செருகிக்கொண்டே இருப்பாள். ஆக, கோசெட்டின் மகிழ்ச்சியை நாம் பார்ப்பதே எப்போனினின் கண்வழியாகத்தான். இவ்வளவையும் செய்துவிட்டு விளம்பரத்துக்கு மட்டும் எமில் பயார் வரைந்த குழந்தை கோசெட்டின் முகத்தைப் போட்டார்கள். உலகம் முழுக்கச் சுவரில் ஒட்டிய முகம் அவளுடையது. உள்ளே வளர்ந்தபின் அவளுக்கு ஒரு முழுப் பாட்டு இல்லை.

பின்பாட்டு:

நல்ல இழை. குரல் கணக்கையும் இதில் சேர்க்க வேண்டும்.

எப்போனின் பாடுவது பெல்ட். மார்புக் குரலின் கனத்தை விடாமல் மேலே இழுத்துக்கொண்டு போய் உரக்கப் பாடுகிற முறை. கோசெட் பாடுவது தலைக்குரலில் நிற்கும் சோப்ரானோ, பெண்குரலின் மிக உயர்ந்த வகை. நம் கணக்கில் சொன்னால், ஐந்து கட்டையில் பாடும் ஒரு பெண்ணின் ஆதார சட்ஜம் சுமார் 196 ஹெர்ட்ஸ், மேல் சட்ஜம் 392, மேல் பஞ்சமம் 587. எப்போனினின் பங்கு கிட்டத்தட்ட இந்த வட்டத்துக்குள்ளேயே நடந்து முடிகிறது. கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கும், சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்த காதுக்கும் இது சொந்த வீடு. கோசெட்டின் உச்ச வரிகள் 800 ஹெர்ட்ஸைத் தாண்டிப் போகும்.

அங்கே போனால் சொல் கரையும். ஒவ்வொரு உயிரெழுத்துக்கும் வாய்க்குழியில் ஓர் ஒத்ததிர்வு உண்டு. 'இ', 'உ' இரண்டுக்கும் முதல் ஒத்ததிர்வு 300 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும், 'ஆ'வுக்கு 700, 800. பாடும் சுருதி அதைத் தாண்டிவிட்டால் எல்லா உயிரும் ஏறக்குறைய 'ஆ' போலவே கேட்கும். பாடகி எவ்வளவு கெட்டிக்காரியானாலும் இதை மாற்ற முடியாது, உடல் அமைப்பு அப்படி. எனவே எப்போனின் சொல்வது வார்த்தை வார்த்தையாக மனத்தில் இறங்கும். கோசெட் சொல்வது அழகான ஒலியாக மட்டும் வந்து போகும். வார்த்தை புரியாத பெண்ணை 'உள்ளே ஒன்றுமில்லாதவள்' என்று ரசிகர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

பாட்டுப் போட்டிகளுக்கும் குரல் தேர்வுகளுக்கும் பெண்கள் எடுத்துவரும் பாட்டுகளில் 'ஆன் மை ஓன்' எத்தனை முறை வருகிறது என்பது அங்கே உட்காரும் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் யார் வேண்டுமானாலும் அதைப் பாடிப் பார்க்கலாம். கோசெட்டின் பங்கைப் பயிற்சி இல்லாமல் தொட முடியாது. தான் பாடிய பாத்திரத்தை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வராது.

கொழும்புத்துறை:

நாவலை வாசிச்ச ஆக்களுக்கு இந்த எப்போனின் பக்தி கொஞ்சம் விசித்திரமாத்தான் இருக்கும். 1862இல் யூகோ எழுதின எப்போனின் கரகரத்த குரல்காரி. பல்லு விழுந்து, மெலிஞ்சு, கந்தல் உடுத்தின பிள்ளை. மேடையில நாங்கள் பாக்கிற, ஒரு பக்கம் தொப்பி சாய்ச்ச அழகான பிள்ளை இல்லை.

அதைவிட முக்கியமான வித்தியாசம் கடிதம். கோசெட் மாரியுஸுக்கு எழுதின கடிதத்தை நாவலில எப்போனின் குடுக்காமல் தன்னோடையே வச்சிருக்கிறாள். கலகக்காரர் தெருவில போட்ட தடுப்பரணுக்கு அவனை வரப்பண்ணினதும் அவள்தான், ரெண்டு பேரும் அங்கேயே சாகட்டும் எண்டு. பிறகு துப்பாக்கி வாயில கையை வச்சு அவன்ர உயிரைக் காப்பாத்துறதும் அவளேதான். சாகிற நேரம்தான் கடிதத்தை எடுத்துக் குடுக்கிறாள். பொறாமையும் தியாகமும் ஒரே நெஞ்சில கிடக்கிற பெண். இசைநாடகத்தில மாரியுஸ் குடுத்த கடிதத்தைச் சொன்னபடி கொண்டுபோய், கோசெட்டை வளர்க்கிற வால்ழான்ர கையில குடுத்திட்டுத் திரும்பி வரேக்க சுடுபடுகிறாள். கறுப்பை எல்லாம் கழுவித் துடைச்சு வெள்ளையாக்கித் தந்தவை. எனக்கு யூகோவின்ர எப்போனின்தான் பெரிய பாத்திரமாப் படுகிறது.

கோசெட் பக்கமும் அப்படித்தான். மொன்ஃபெர்மேய் சத்திரத்தில ரெண்டு பிள்ளையளும் ஒரே கூரைக்குக் கீழ வளர்ந்தவை. எப்போனின் பொம்மையோட விளையாட, கோசெட் வாளி தூக்கினவள், அடி வாங்கினவள். எப்போனின்ர தாயும் தகப்பனும்தான் அடிச்சவை. கோசெட்டைப் 'பணக்காரப் பொம்மை' எண்டு ஏசுறவை இந்த ஒரு விசயத்தை எப்படி மறக்கினம்?

எங்கட ஆக்களுக்கு இந்தக் கதை புதுசில்லை. சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' எண்டு தமிழில தந்தது. அதே பெயரில 1950இல வந்த படத்தில ஜாவர் எண்ட இன்ஸ்பெக்டர் வேசம் போட்டபடியால்தான் சீதாராமனுக்கு 'ஜாவர்' சீதாராமன் எண்டு பேர் நிலைச்சது. ஆண் பாத்திரத்தின்ர பெயர் ஒரு நடிகருக்கு ஆயுள் முழுக்க ஒட்டிக்கொண்டது. கோசெட்டையும் எப்போனினையும் அப்படி ஒருத்தரும் ஞாபகம் வச்சிருக்கேல்லை.

ஹார்மோனியம்:

திரைச்சீலை, உங்கள் வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. பாட்டு நிறையக் கிடைத்தவள் அன்பைப் பெறுவாள் என்றால், 'ஃபான்டம் ஆஃப் தி ஆப்பெரா'வின் கிறிஸ்டீனுக்கு ஏன் இவ்வளவு ஏச்சு? முகமூடிக்காரன் ஒருவன் காதலித்துப் பாட்டுக் கற்றுத்தந்த பாடகி அவள், கடைசியில் ராவுல் என்ற சீமானோடு போகிறாள்.

அந்த இசைநாடகத்தில் அவளைவிட உழைக்கிற குரல் கிடையாது. தலைப்புப் பாட்டு முடிவில் அவள் தொடும் சுரம் மேல் 'ஈ', 1300 ஹெர்ட்ஸை ஒட்டியது. வாரத்துக்கு எட்டுக் காட்சியையும் ஒரே பெண்ணால் தாங்க முடியாது என்பதால், இரண்டு காட்சிக்கு மாற்று நடிகையை வைப்பது வழக்கமாகவே இருந்தது. 1986இல் லண்டனில் தொடங்கியது முதல், 2023 ஏப்ரல் 16 அன்று நியூயார்க்கின் பிராட்வே அரங்கத் தெருவில் 13,981ஆவது காட்சியோடு திரை விழுந்தது வரை, ரசிகர்களில் பெரும்பகுதி முகமூடிக்காரன் பக்கம்தான். அவள் ராவுலோடு போனது துரோகம் என்று எழுதினார்கள். ராவுலை விளையாட்டுப் பிள்ளை, சீமான் வீட்டு அலங்காரம் என்றெல்லாம் கேலி செய்தார்கள்.

ஆனால் இந்த ரசிகர்கள் கண்மூடிகள் இல்லை. 2010இல் அதன் தொடர்ச்சியாக 'லவ் நெவர் டைஸ்' வந்தபோது கிறிஸ்டீனை நியூயார்க்கின் கோனி ஐலண்டுக்கு இழுத்துவந்து, அவள் மகன் முகமூடிக்காரனுக்குப் பிறந்தவன் என்று சொல்லி, ராவுலைக் குடிகாரச் சூதாடியாக்கி, கடைசியில் தோழி மெக் கையாலேயே அவளைச் சுடவைத்தார்கள். ரசிகர்கள் கேட்ட ஜோடியைத்தான் கொடுத்தார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதே ரசிகர்கள்தான் இணையத்தில் எதிர்ப்பியக்கம் நடத்தினார்கள். அந்த ஆண்டு இறுதியில் நாடகத்தைத் திருத்தி அமைத்தார்கள், 2011 ஆகஸ்டில் லண்டனில் மூடினார்கள். கிறிஸ்டீனின் முடிவை ஏசியவர்களே, அந்த முடிவை அவளிடமிருந்து பிடுங்கியபோது அவளுக்காகச் சண்டைக்கு வந்தார்கள்.

திரைச்சீலை:

ஹார்மோனியம் சார், கேள்வி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. பாட்டின் எண்ணிக்கையோடு அது எதைப் பற்றிய பாட்டு என்பதையும் பார்க்க வேண்டும்.

கிறிஸ்டீனுக்குப் பெரிய தனிப்பாட்டு கல்லறைத் தோட்டத்தில் வருகிறது. அது இறந்துபோன அப்பாவைப் பற்றியது. முதல் பாட்டோ அவள் ஒத்திகையில் பாடிக்காட்டும் ஓர் ஆப்பெராப் பாட்டு, வேறொரு பாத்திரத்தின் வரிகள். 'எனக்கு இது வேண்டும்' என்று தன் வாயால் சொல்லும் பாட்டு அவளுக்கு எங்கே இருக்கிறது? கடைசிக் காட்சியில் ராவுல் கழுத்தில் சுருக்கு, எதிரே முகமூடிக்காரன். அவள் எடுக்கும் முடிவுதான் நாடகமே. அந்த முடிவுக்குக் கிடைப்பது இரண்டே வரி, பிறகு முத்தம். மீதியை ஆர்க்கெஸ்ட்ரா சொல்கிறது. அவள் போன பிறகு மேடையில் தனித்திருந்து கடைசி வரியைப் பாடுவது அவன். திரை விழும்போது நம் காதில் நிற்பது அவன் குரல். அனுதாபம் அவனிடம் போகாமல் எங்கே போகும்?

எனவே என் வாதத்தை இப்படிக் கூர்மையாக்குகிறேன். தன் ஆசையைத் தன் வரியில், பார்வையாளரைப் பார்த்துச் சொல்ல இடம் கிடைத்த பெண்ணுக்கு மன்னிப்பு உண்டு. கிடைக்காதவளை மற்றவர் பாட்டிலிருந்துதான் ரசிகர் தெரிந்துகொள்கிறார்.

நிலாமேடை:

அதற்கு 'விக்கெட்' நல்ல சாட்சி. 2003இல் பிராட்வே. 'ஓஸ்' கதையின் சூனியக்காரிகளான எல்ஃபபா, கிளிண்டா என்ற இரண்டு பெண்கள், இரண்டு பேருக்கும் ஆசையைச் சொல்லப் பாட்டு. எல்ஃபபா பெல்டில் 'எஃப்' வரை போவாள், கிளிண்டா தொடக்கக் காட்சியிலேயே சோப்ரானோ உச்சிக்குப் போவாள். ஒருத்தனைச் சுற்றிய போட்டி இதிலும் உண்டு. ஆனாலும் ஒருத்தியை வாழ்த்த இன்னொருத்தியை ஏச வேண்டிய கட்டாயம் ரசிகர்களுக்கு வரவில்லை. கிளிண்டாவின் சோப்ரானோ எடுபடுகிறது என்பதைப் பின்பாட்டு அக்கா கவனிக்க வேண்டும். அவள் நகைச்சுவை வரிகள் எல்லாம் பேச்சுச் சுருதியில் இருக்கின்றன, உச்ச சுரங்கள் அலங்காரத்துக்குத்தான்.

ஸ்டேசி வுல்ஃப் என்ற ஆய்வாளர் 2007இல் எழுதிய கட்டுரையில், 'விக்கெட்' பார்த்த இளம்பெண்கள் இணையத்தில் எழுதியவற்றையே எடுத்து ஆராய்ந்தார். அந்தப் பெண்கள் பாத்திரத்தையும் பாடகியின் குரலையும் பிரிக்காமல் பேசுகிறவர்கள். எந்த எல்ஃபபா 'டிஃபையிங் கிராவிட்டி' முடிவில் எந்தச் சங்கதி போட்டாள், எங்கே மூச்சு எடுத்தாள் என்று கணக்கு வைத்திருப்பார்கள். இதை வெறும் பித்து என்று ஒதுக்குகிறவர்கள், சபாக்களில் ஆண்கள் செய்யும் அதே வேலையைத்தான் இவர்களும் செய்கிறார்கள் என்று உணர வேண்டும்.

இந்த அன்பு நடிகைமேலேயே பாயும் நேரமும் உண்டு. 2024இல் திரைப்படம் வரும்முன், பழைய மேடை விளம்பரத்தைப் போலவே இருக்க வேண்டும் என்று ரசிகர் ஒருவர் பட விளம்பரத்தைத் திருத்தினார். தொப்பி விளிம்பை இறக்கிக் கண்ணை மறைத்து, உதட்டைச் சிவப்பாக்கினார். எல்ஃபபாவாக நடித்த சிந்தியா எரிவோ பகிரங்கமாகவே அதைக் கண்டித்தார். தன் கண்களை மறைத்தது தன்னையே அழித்ததற்குச் சமம் என்று அவர் கருதியதில் நியாயம் இருக்கிறது. ஒரு கறுப்பினப் பெண்ணின் முகம் அது.

லண்டனில் 'விக்கெட்' 2006 முதல் நடக்கும் அப்பல்லோ விக்டோரியா அரங்கில்தான் அதற்கு முன் நம் ரஹ்மானின் 'பாம்பே ட்ரீம்ஸ்' நடந்தது என்பது கூடுதல் செய்தி.

சரணம்_இரண்டு:

மேடையை விட்டுக் கொஞ்சம் பாப் பக்கம் வாருங்கள், திரைச்சீலை சொல்வது அங்கே இன்னும் தெளிவாகத் தெரியும்.

டெய்லர் ஸ்விஃப்ட் 2020 ஜூலையில் வெளியிட்ட 'ஃபோக்லோர்' தொகுப்பில் மூன்று பாட்டுகள் ஒரே கதையைச் சொல்கின்றன. பெட்டி என்ற பெண்ணின் பார்வையில் 'கார்டிகன்', அவளை ஏமாற்றிய ஜேம்ஸின் பார்வையில் 'பெட்டி', இடையில் ஒரு கோடைக்காலம் மட்டும் அவனோடு இருந்த பெண்ணின் பார்வையில் 'ஆகஸ்ட்'. அந்த மூன்றாமவளுக்குப் பாட்டில் பெயரே இல்லை. ஜேம்ஸின் பாட்டை மட்டும் கேட்டால் அவள் நடுவில் வந்து கெடுத்தவள்தான். ஆனால் அவளுக்கென்று ஒரு முழுப் பாட்டு இருப்பதால் ரசிகர்கள் அவளுக்காக உருகினார்கள், பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். ஸ்விஃப்டே தன் மனத்தில் அவளை அகஸ்டா அல்லது அகஸ்டீன் என்று அழைப்பதாகச் சொன்னார்.

மறுபக்கம் டாலி பார்ட்டனின் 1973 'ஜோலீன்'. பாட்டு முழுக்கக் கெஞ்சல், ஜோலீன் வாயே திறப்பதில்லை. அவள் அந்த ஆளை விரும்பினாளா என்றுகூட நமக்குத் தெரியாது. ஆனாலும் ஐம்பது ஆண்டாகக் 'குடும்பத்தைக் கெடுப்பவள்' என்பதற்கு மறுபெயர் ஜோலீன். 2024இல் பியான்சே அதை மாற்றிப் பாடியபோது கெஞ்சல் எச்சரிக்கையானது. ஜோலீன் அப்போதும் பேசவில்லை.

மூன்றாம்_மணி:

'சிக்ஸ்' பற்றி யாரும் எடுக்காதது வியப்பு. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியரும் பாப் கச்சேரி நடத்துவதுபோல் அமைந்த நாடகம். டோபி மார்லோ, லூசி மாஸ் இருவரும் கேம்பிரிட்ஜ் மாணவர்களாக இருந்தபோது எழுதி 2017இல் எடின்பரோ ஃபிரிஞ்ச் விழாவில் அரங்கேறியது. இடைவேளை இல்லாமல் ஒன்றேகால் மணி நேரம். ஆறு பேருக்கும் ஆளுக்கொரு பாட்டு, ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பாப் நட்சத்திரத்தின் பாணியில்.

இதில் கேத்தரின் ஹோவர்டின் பாட்டை வரி வரியாகப் பார்க்க வேண்டும், ரசிகர் மனத்தை ஒரு பாட்டுக்குள்ளேயே திருப்பிவிடுகிறது. நான்கு ஆண்களுக்கு நான்கு சுற்று: இசை ஆசிரியர் மேனக்ஸ், டியரம், ஹென்றி, கல்பெப்பர். முதல் சுற்று பிரிட்னி ஸ்பியர்ஸ் காலத்துப் பாப் குதூகலம், சபை சிரிக்கும். பல்லவி ஒவ்வொரு முறையும் அதேதான், மெட்டில் பெரிய மாற்றம் கிடையாது. மாறுவது கைகள். மற்ற ராணிகள் ஆட்டத்தின் பகுதியாக அவள் தோளில், இடுப்பில் கை வைப்பார்கள். சுற்றுக்குச் சுற்று அந்தக் கைகள் கூடும், அழுத்தும். மூன்றாவதில் சிரிப்பு குறையும். நான்காவதில் அதே பல்லவி அவள் வாயில் உடையும். அரங்கத்தில் சத்தமே இருக்காது. சிரித்த சபைக்குத் தான் எதற்குச் சிரித்தோம் என்று புரிகிற கணம் அது. 'கவர்ச்சிக்காரி, தானே தேடிக்கொண்டாள்' என்று பாடப்புத்தகம் சொன்ன பெண் 1542 பிப்ரவரி 13இல் தலை துண்டிக்கப்பட்டவள். இன்று பள்ளிப் பெண்கள் அவள் உடையைத் தாங்களே தைத்துப் போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

இந்த நடன அமைப்பைப் பார்த்துப் பிரதியெடுக்கும் குழுக்கள் தவறுவது ஒரே இடத்தில். முதல் சுற்றிலேயே சோகத்தை முகத்தில் காட்டிவிடுவார்கள். அப்போது சபை சிரிக்காது. சிரிக்காத சபைக்கு நான்காவது சுற்றில் இழக்க ஒன்றுமில்லை.

ஹார்மோனியம்:

மூன்றாம்_மணி, அருமை. ஆனால் பாட்டு இருந்தும் தப்பாத பெண்ணும் உண்டு. அமெரிக்க அரசியல் தலைவர் அலெக்சாண்டர் ஹாமில்டனின் கதையான 'ஹாமில்டன்' நாடகத்தில், அவரோடு கள்ள உறவு கொண்ட மரியா ரெனால்ட்ஸ். அவள் வரும் பாட்டில் கதை சொல்பவன் ஹாமில்டன், அவள் பேச்சும் அவன் நினைவுக்குள்தான் வருகிறது. ரசிகர் வட்டத்தில் அவள் இன்றும் மயக்குக்காரி. 1793இல் அவள் கணவனை விவாகரத்து செய்தபோது அவளுக்கு வழக்கறிஞராக நின்றவர் ஹாமில்டனின் எதிரி ஆரன் பர் என்பது நாடகத்தில் இல்லை. சேர்த்திருந்தால் அவள் வேறு ஆளாகத் தெரிந்திருப்பாள்.

அதே நாடகத்தில் ஹாமில்டனின் மனைவி எலைசாவின் அக்காள் அஞ்சலிகாவுக்கு எதிர்த் திசையில் இதே வேலை நடந்திருக்கிறது. 'சாட்டிஸ்ஃபைட்' பாட்டில் திருமண விருந்தையே பின்னோக்கிச் சுழற்றி, தங்கைக்காக விட்டுக்கொடுத்தேன் என்கிறாள். ரசிகர்கள் உயிரை விடுகிறார்கள். உண்மையில் தங்கை எலைசாவுக்கு 1780 டிசம்பரில் திருமணம் நடந்தபோது அஞ்சலிகாவுக்கு மணமாகி மூன்றாண்டு ஆகியிருந்தது. அவர் சொல்வதுபோல் தந்தைக்கு மகன்கள் இல்லாமலும் இல்லை. ஒரு பாட்டு கிடைத்தால் வரலாறே வழிவிடும்.

கொழும்புத்துறை:

ரசிகர் விருப்பம் பெண்ணின்ர முடிவையே மாத்தின கதை பழசு. 1880இல ஜெர்மனியில, இப்சன்ர 'எ டால்ஸ் ஹவுஸ்' நாடகத்தில குடும்பத்தை விட்டிட்டுப் போற நோராவா நடிக்கவிருந்த ஹெட்விக் நீமன் ராபே, பிள்ளையளை விட்டிட்டுப் போற பெண்ணா நான் நடிக்கமாட்டன் எண்டிட்டா. வேற ஆள் மாத்தி எழுதினால் இன்னும் மோசமாப் போகும் எண்டு இப்சனே மனமில்லாமல் இன்னொரு முடிவு எழுதிக் குடுத்தார். அதில நோரா தூங்கிற பிள்ளையளைப் பார்த்து அப்படியே சரிஞ்சு விழுகிறாள், கதவைச் சாத்திக்கொண்டு போறதில்லை.

1914இல லண்டன் ஹிஸ் மெஜஸ்டிஸ் அரங்கில ஷாவின்ர 'பிக்மேலியன்'. ஹிக்கின்ஸ் எண்ட பேராசிரியரிட்ட நல்ல பேச்சுப் பழகின பூக்காரி எலைசா, முடிவில அவரை விட்டிட்டுப் போயிடுவாள் எண்டுதான் ஷா எழுதினது. ஹிக்கின்ஸா நடிச்ச பீர்பம் ட்ரீ திரை விழமுன்னம் அவளுக்குப் பூவை எறிஞ்சு, இது காதல்தான் எண்டு சபைக்குக் காட்டினார், சபையும் அதைத்தான் விரும்பினது. கொதிச்சுப்போன ஷா 1916இல பின்னுரையே எழுதினார், எலைசா தன்னை விரும்பின ஃப்ரெடி எண்ட இளைஞனைத்தான் கட்டினாள் எண்டு. ஒருத்தரும் கேக்கேல்லை. 1938 படத்தில அவள் ஹிக்கின்ஸிட்டத் திரும்பி வந்தாள், 1956இல 'மை ஃபேர் லேடி' அதையே எடுத்துக்கொண்டது. 2018இல நியூயோர்க் லிங்கன் சென்டரில பார்ட்லெட் ஷேர் நெறியாள்கையில எலைசா மேடையை விட்டு இறங்கிச் சபைக்குள்ளால நடந்து போனாள். வசனத்தில கைவைக்காமல், நடையை மட்டும் மாத்தினது. ஷா கேட்டது கிடைக்க நூறு வருசம் எடுத்தது.

'ஃபான்டம்' தொடங்கினதும் 'பிக்மேலியன்' நடந்த அதே லண்டன் அரங்கில்தான். கிறிஸ்டீன் யாரோட போகவேணும் எண்ட சண்டையும் எலைசா யாரோட போகவேணும் எண்ட சண்டையும் ஒரே கூரைக்குக் கீழ.

புதுமேடை:

வணக்கம். பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளை வைத்து 'லே மிசராப்' பள்ளிப் பதிப்பு போடும் குழுவுக்கு ஒரு கேள்வி. கோசெட்டைச் சபை ஒதுக்காமல் இருக்க என்ன செய்யலாம்? வெட்டப்பட்ட அந்தத் தனிப்பாட்டைத் திரும்பச் சேர்க்கலாமா?

திரைச்சீலை:

சேர்க்கக் கூடாது. உரிமம் தரும் எம்டிஐ ஒப்பந்தத்தில், எழுத்தில் அனுமதி இல்லாமல் பாட்டைச் சேர்ப்பதும் வெட்டுவதும் சுருதி மாற்றுவதும் தடை. பள்ளிப் பதிப்பிலேயே சில பாட்டுகளின் சுருதியை இளங்குரலுக்கு ஏற்ப மாற்றித் தந்திருப்பார்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பதை வைத்தே நிறையச் செய்யலாம்.

சத்திரத்துக் காட்சியில் தொடங்குங்கள். குழந்தை எப்போனின் வசனமே இல்லாமல் நல்ல உடையில் வந்து நிற்பாள். அவளைச் சும்மா ஓரமாக நிற்க வைக்காமல், கோசெட் கையில் இருக்கும் துடைப்பத்தைத் தாண்டி நடக்க வையுங்கள். யார் யாருக்கு வேலை செய்தாள் என்று சபை பார்த்துவிட வேண்டும். பிறகு பாரிஸில் எப்போனின் கோசெட்டை அடையாளம் கண்டு பாடும் சில வரிகளை அவசரமாக ஓட்டாதீர்கள். சிறுவயதில் சேர்ந்து வளர்ந்தோம் என்பதை அங்கேதான் சொல்கிறாள். கூட்டத்தை அந்த நேரம் அசைய விடாதீர்கள், அசைந்தால் வரி போச்சு.

'இன் மை லைஃப்' பாட்டைக் காதல் பாட்டு என்று நினைத்துத்தான் எல்லாரும் கெடுக்கிறார்கள். அதன் நடுப்பகுதியில் கோசெட் வால்ழானிடம் தன் கடந்தகாலத்தைக் கேட்கிறாள், அவர் சொல்ல மறுக்கிறார். தன் பிறப்பைத் தெரிந்துகொள்ளத் துடிக்கும் பெண் அவள். முதல் பகுதியில் சபையைப் பார்த்துப் பாடட்டும், வால்ழான் வந்ததும் நேராக அவர் முகத்தைப் பார்க்கட்டும், புன்னகை வேண்டாம். கேள்வியைக் கேள்வியாகவே கேட்க வேண்டும்.

தோட்டக் காட்சியில் எப்போனினை மேடை நடுவில் வைக்காதீர்கள். முன்னோரத்தில் கதவுக்கு வெளியே, ஜோடிக்குப் போடும் விளக்கில் பாதிக்கும் குறைவான வெளிச்சத்தில் நிற்கட்டும். அவள் வரிகள் தாமாகவே குத்தும், வெளிச்சமும் சேர்ந்தால் மற்ற இருவரும் காணாமல் போவார்கள். அடுத்து ரூ ப்ளுமே தாக்குதல், கோசெட் வீட்டைக் கொள்ளையிடத் திருடர்கள் வரும் காட்சி. எப்போனின் அலறிக் காப்பாற்றுகிறாள். வால்ழான் ஓடிவந்ததும், அலறியது நான்தான் என்று கோசெட் உடனே சொல்கிறாள். கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு முடிவெடுக்கிறாள். பல தயாரிப்புகளில் இதைப் பதற்றத்தில் உளறுவதுபோல் நடிக்கிறார்கள். வேண்டாம். மாரியுஸ் ஓடிய திசையை ஒரு நொடி பார்த்துவிட்டு நிதானமாகச் சொல்ல வையுங்கள்.

பின்பாட்டு:

ஒலிப்பதிவு மேசையில் இருப்பவருக்கும் சொல்லிவிடுங்கள். சோப்ரானோவின் உச்ச சுரம் அவளுடைய தாழ்ந்த வரியைவிடப் பத்து டெசிபலுக்கு மேல் உரத்து வரும். பெரும்பாலும் உச்சத்தை வைத்து கெயினை, அதாவது மைக்கிலிருந்து உள்ளே வரும் ஒலியின் அளவை, குறைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். வால்ழானிடம் கேட்கும் கேள்விகள் தாழ்ந்த சுருதியில் இருப்பதால் அவையெல்லாம் இசைக்குள் அமுங்கிப்போகும், உச்சம் மட்டும் கேட்கும். கெயினை உச்சத்துக்கு வைத்தது சரி, ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடரைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். வரிப்பிரதியில் இரண்டு அடையாளம் போடுங்கள்: கேள்வி வரிகளுக்கு முன் ஏற்ற, உச்சத்துக்கு ஒரு சந்தம் முன்பே இறக்க. மைக்கை மார்பில் குத்தாமல் நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் ஒட்டுங்கள், தலை திரும்பினாலும் அளவு மாறாது. எப்போனினுக்குக் கொடுத்த அதே எதிரொலியைக் கோசெட்டுக்கும் கொடுக்க வேண்டாம். அவளுக்குப் பாதி போதும், சொல் தெளிவாக நிற்கும்.

புதுமேடை:

பின்பாட்டு அக்கா, வயர்லெஸ் மைக் எட்டுதான் இருக்கிறது. குழந்தை கோசெட்டுக்கும் குழந்தை எப்போனினுக்கும் தனித்தனியாக வேண்டுமா?

பின்பாட்டு:

குழந்தை எப்போனினுக்கு வசனம் இல்லை, மைக் தேவையில்லை. குழந்தை கோசெட்டுக்குப் போட்டதை அவள் காட்சி முடிந்ததும் கழற்றி எப்போனினுக்கு மாற்றுங்கள், இடையில் போதுமான நேரம் இருக்கிறது. மாற்றியதும் பேட்டரியையும் புதிதாகப் போட்டு, கெயினைத் திரும்பச் சரிபாருங்கள். குழந்தைக்கு வைத்த அளவிலேயே விட்டால் பெல்டுக்கு ஒலி கிழியும்.